பார்க்காத பறவையும் கணக்கில் வரும்

பனங்காடையைத் தேடிக்கொண்டு யாரும் போவதில்லை. திருநெல்வேலியிலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும், வீடுகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் கரண்டுக் கம்பியில் தலை பெருத்த ஒரு பறவை சும்மா உட்கார்ந்திருக்கும். உட்கார்ந்திருக்கும்போது மண்ணும் பழுப்புமாக, விசேஷமாக ஒன்றுமில்லை. பூச்சியைக் கண்டு கீழே பாயும்போது இறக்கை விரிந்தால்தான் அந்த நீலம் தெரியும். கர்நாடகமும் தெலங்கானாவும் ஒடிசாவும் இதை மாநிலப் பறவையாக வைத்திருக்கின்றன. நமக்கு அது கம்பியில் இருக்கும் ஒன்று, அவ்வளவுதான்.

2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையில் இந்தப் பனங்காடையின் பெயர் வேறு மாதிரி வந்தது. எந்த உயிரினத்துக்கு எவ்வளவு அழிவு ஆபத்து என்று உலக அளவில் வகைப்படுத்தும் சிவப்புப் பட்டியலில் தற்போதைய இடம் சரிதானா என்று திரும்ப ஆராய வேண்டிய 14 இனங்களைக் குறிப்பிட்டிருந்தார்கள். அவற்றில் பனங்காடையும் ஒன்று. கவலைப்பட வேண்டியதில்லை என்ற வரிசையில் அதுவரை நிம்மதியாக இருந்த பறவை அது.

எப்படித் தெரிந்தது? யாரும் கம்பி கம்பியாகப் போய்ப் பனங்காடையை எண்ணவில்லை. நாடு முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் காலையில் மொட்டைமாடியிலும் குளக்கரையிலும் கால்மணி, அரைமணி நின்று, பார்த்ததையெல்லாம் போனில் எழுதி வைத்தார்கள். காகம், மைனா, புறா, கொக்கு. அப்படிச் சேர்ந்த பட்டியல்களில் எத்தனையில் பனங்காடை இருக்கிறது, எத்தனையில் இல்லை என்று வருடவாரியாகப் பார்த்தபோது சரிவு தெரிந்தது. அது இல்லாத பட்டியல்கள்தான் சேதி சொன்னவை.

செயலியில் பறவை பதிய ஆரம்பிக்கிறவர்களிடம் நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான். ஏனென்றால் எல்லோரும் வேறு எண்ணத்தோடு வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். போனில் ஏற்றிய முதல் வாரம் ஒன்றுமே பதியவில்லை, பதிகிற மாதிரி ஒன்றும் கண்ணில் படவில்லை என்று. வாசலில் பதினைந்து காகம் கத்திக்கொண்டிருந்தது.

நான் சொல்லும் செயலி இ-பேர்ட். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகமும் பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆடுபான் சங்கமும் சேர்ந்து 2002இல் தொடங்கியது. அப்போது அது கணினியில் நிரப்பும் படிவம், போனுக்கு வந்தது பிற்பாடு. இந்தியாவில் இதைச் சுற்றி நடக்கும் வேலைகளை பேர்ட் கவுன்ட் இந்தியா என்ற கூட்டமைப்பு ஒருங்கிணைக்கிறது. காசு கிடையாது. சேரும் தரவை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பெறலாம். மேலே சொன்ன 2023 அறிக்கை, 30,000க்கும் மேற்பட்டவர்கள் தந்த சுமார் 3 கோடிப் பதிவுகளை வைத்து 942 இனங்களின் நிலையை மதிப்பிட்டது. நீண்டகாலப் போக்கைக் கணக்கிட முடிந்தவை 338 இனங்கள். அவற்றில் 204 குறைந்திருக்கின்றன. மயிலும் குயிலும் மாடப்புறாவும் கூடியிருக்கின்றன.

சரி, ஒரு பட்டியல் எப்படி அறிக்கையாகிறது?

ஒருவர் ஊர் ஊராகப் போய், அபூர்வமாக எது தென்பட்டதோ அதை மட்டும் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து அந்தப் பறவை அங்கே இருந்தது என்று மட்டும் தெரியும். அவர் காகத்தை எழுதவில்லை என்றால் காகம் இல்லையா, இருந்தும் எழுதவில்லையா என்று சொல்ல முடியாது. இன்னொருவர் பதினைந்து நிமிடம் நின்று, தனக்கு அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுதினால், எழுதாததற்கும் பொருள் வந்துவிடுகிறது. அங்கே, அந்த நேரத்தில், அவர் கண்ணுக்கும் காதுக்கும் அது சிக்கவில்லை. இப்படிப்பட்ட நூறு பட்டியலில் ஒரு வருடம் நாற்பதில் இருந்த பறவை சில வருடம் கழித்து இருபத்தைந்தில்தான் இருக்கிறது என்றால், ஏதோ நடக்கிறது. பட்டியல் நீளமா குட்டையா என்பதற்கெல்லாம் சரிக்கட்டல் உண்டு. ஆனால் அடிப்படை இவ்வளவுதான்.

அதனால் செயலி கடைசியில் ஒரு கேள்வி கேட்கும். அடையாளம் தெரிந்த பறவைகளை எல்லாம் எழுதிவிட்டீர்களா, ஆமாவா இல்லையா? புதிதாக வருகிறவர்கள் பாதிப் பேர் இங்கே தப்புச் செய்கிறார்கள், அதுவும் அடக்கத்தினால். “நமக்கு என்ன தெரியும், பத்துப் பறவைதான் தெரியும், முழுப் பட்டியல் என்று எப்படிச் சொல்வது” என்று ‘இல்லை’யை அழுத்திவிடுகிறார்கள். கேள்வி அதுவல்ல. அங்கிருந்த பறவைகளை எல்லாம் கண்டுபிடித்தீர்களா என்று அது கேட்கவில்லை. தெரிந்த ஒன்றை வேண்டுமென்றே விட்டீர்களா என்றுதான் கேட்கிறது. பத்துப் பறவை தெரிந்தவர், தெரிந்த பத்தையும் எழுதியிருந்தால், அது முழுப் பட்டியல். இருநூறு தெரிந்தவர் ‘புறாவை எவன் எழுதுவான்’ என்று விட்டிருந்தால், அது அரைகுறை.

இனி மொட்டைமாடிக்குப் போவோம்.

நேரம் காலை 6.20. செயலியில் புதிய பட்டியலைத் தொடங்கியதும் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். இடத்தை ஜிபிஎஸ் எடுத்துக்கொள்ளும். திரையில் அந்த மாவட்டத்தில் அந்த மாதத்தில் பார்க்க வாய்ப்புள்ள பறவைகள் வரிசையாக வரும். அந்த வரிசையும் முன்பு யாரோ அனுப்பிய பட்டியல்களிலிருந்து வந்ததுதான். பெயர் பக்கத்தில் தட்டினால் எண்ணிக்கை ஒன்று. இன்னொரு தடவை தட்டினால் இரண்டு. முதல் நிமிடத்திலேயே காகம் 6. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மைனா 2. கிழக்கே இருந்து பச்சைக்கிளி 5, கத்திக்கொண்டே கடந்து போகின்றன. கடந்து போனாலும் கணக்கு உண்டு. முருங்கை மரத்தில் ‘டுவிட் டுவிட்’ என்று விடாமல் ஒரு சத்தம், ஆளைக் காணோம், தையல்சிட்டு 1. குரல் மட்டும் கேட்டாலும் பதியலாம், அது எந்தப் பறவையின் குரல் என்று சந்தேகமில்லாமல் தெரிந்தால். காகம் இன்னும் 8. அண்டங்காக்கை ஒன்று, கழுத்தில் சாம்பல் இல்லை, குரல் தடித்து இருக்கிறது. செம்பருத்தியில் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு ஆணும் பெண்ணும். கீழே சாக்கடையோரம் தவிட்டுக்குருவிக் கூட்டம், ஏழா எட்டா? ஒன்று செடிக்குள் புகுந்து புகுந்து வருகிறது. ஏழு என்று போடுகிறேன். தூரத்தில் செண்பகத்தின் ‘உப் உப் உப்’. 6.35. நிறுத்து.

பதினைந்து நிமிடத்தில் எட்டு இனம். ஒன்றுகூட அபூர்வமில்லை. இந்தப் பட்டியல் நல்ல பட்டியல்.

தண்ணீர்த் தொட்டியில் இருந்த இரண்டு மைனா பறந்து போய், ஐந்து நிமிடம் கழித்து இரண்டு மைனா வந்தால், அது இரண்டா நான்கா என்ற கேள்வி வரும். அதே ஜோடி என்று தோன்றினால் இரண்டுதான். நிச்சயமாகச் சொல்ல முடியாது, மனசாட்சிக்கு விட்டுவிட வேண்டியதுதான். கூண்டுக்கிளி, வளர்ப்புக் கோழி, வாத்து எல்லாம் கணக்கில் வராது. ஊரில் திரியும் மாடப்புறா வரும்.

எண்ணிக்கைக்குப் பதிலாக ஒரு பெருக்கல் குறி போட்டு ‘இருந்தது’ என்று மட்டும் சொல்லவும் செயலி இடம் தருகிறது. முடிந்தவரை வேண்டாம். பத்தும் ஆயிரமும் அந்தக் குறிக்குள் ஒன்றாகிவிடும். ‘துல்லியமாக எண்ண முடியவில்லையே’ என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு மாலை நேரத்தைச் சொல்கிறேன். குளிர்காலத்தில் எங்கள் பக்கம் சூறைக்குருவிகள் வரும். இளஞ்சிவப்பு உடம்பு, கறுப்புத் தலை, மைனாவின் சொந்தக்காரன். ஆறு மணிவாக்கில் அடையப் போகிற கூட்டம் புகை மாதிரி வளைந்து வளைந்து போகும். ஒவ்வொன்றாக எண்ணப் போனால் மூன்றாவதிலேயே தவறிவிடும். கூட்டத்தின் ஓரத்தில் பத்தை எண்ணிக்கொள்ளுங்கள். அந்தப் பத்து வானத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணால் அளந்துகொள்ளுங்கள். அதே அளவு இடம் பத்து சேர்ந்தால் நூறு. பிறகு நூறு நூறாக நகர்த்துங்கள். எனக்கு ஒரு கூட்டம் 400 என்று வந்தது, பக்கத்தில் நின்ற நண்பருக்கு 550. நான் நானூறையே எழுதினேன். இரண்டில் எது சரியென்று இன்றுவரை தெரியாது. ஆனால் அது நாற்பதும் இல்லை, நாலாயிரமும் இல்லை என்று அந்த எண் சொல்லிவிடுகிறது.

நேரமும் தூரமும் பறவைப் பெயருக்குச் சமமான முக்கியம். ஒரே இடத்தில் நின்று பார்த்தால் ‘நின்ற’ பட்டியல். முப்பது மீட்டருக்கு மேல் நடந்துவிட்டால் ‘நடந்த’ பட்டியல். நடந்தால் எவ்வளவு தூரம் என்று செயலியே பாதையை வரைந்து கணக்கிடும். இதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். முதல் மாதத்தில் ஒருநாள் நயினார்குளக் கரையில் பட்டியலைத் தொடங்கி, முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆபீஸ் கிளம்பிவிட்டேன். ராத்திரி எடுத்துப் பார்த்தால், 11 மணி நேரம், 31 கிலோமீட்டர் நடந்து, நத்தைகுத்தி நாரை 3, நாமக்கோழி 12. வரைபடத்தில் என் பஸ் போன பாதை, மதியச் சாப்பாட்டுக்குப் போன தெரு, எல்லாம் கோடு கோடாக. எப்போது கரையை விட்டுக் கிளம்பினேன் என்று ஞாபகம் இருந்ததால் நேரத்தையும் தூரத்தையும் திருத்தி அனுப்ப முடிந்தது. ஞாபகம் இல்லையென்றால், நேரமும் தூரமும் தெரியாத பட்டியல்களுக்கென்று இருக்கும் வகையில் போட்டுவிடுவதுதான் நேர்மை.

போன வழியே திரும்பி வந்தால் தூரத்தை ஒருமுறைதான் கணக்கிட வேண்டும். ஒரு கிலோமீட்டர் போய் அதே கரையில் திரும்பினால், செயலி இரண்டு காட்டும். நீங்கள் ஒன்றாக்க வேண்டும். நாள் முழுக்கச் சுற்றிவிட்டு ஒரே பட்டியலாகப் போடுவதைவிட, குளத்துக்கு ஒன்று, வயலுக்கு ஒன்று, தேரிக்கு ஒன்று என்று பிரிப்பது நல்லது. காலையில் கூந்தன்குளத்திலும் மாலையில் மணிமுத்தாறிலும் பார்த்ததை ஒரே பட்டியலில் கலந்துவிட்டால், கூழைக்கடா எங்கே இருந்தது என்று பிறகு யாருக்குத் தெரியும்? அணைப் பக்கம் போகும்போது சிக்னல் இருக்காது என்பதால், நம் பகுதிக்கான பறவைத் தொகுப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஜிபிஎஸ்ஸுக்கு நெட் தேவையில்லை. பட்டியல் போனிலேயே இருக்கும், சிக்னல் வந்தபின் அனுப்பிக்கொள்ளலாம்.

பெயரில்தான் தமிழ் ஆட்களுக்குக் கொஞ்சம் சிரமம். பொதுவாக ஆங்கிலப் பெயரில்தான் தேட வேண்டியிருக்கிறது. அதற்கு ஒரு சுருக்குவழி உண்டு. இரண்டு சொல் பெயரில் ஒவ்வொரு சொல்லின் முதல் இரண்டு எழுத்தைச் சேர்த்து அடித்தால் போதும். ஹவுஸ் க்ரோ என்ற காகத்துக்கு எச், ஓ, சி, ஆர். நாலு நாளில் விரல் பழகிவிடும்.

பெரிய சிரமம் மொழிபெயர்ப்பில் இல்லை, நம் பெயர்களின் அகலத்தில் இருக்கிறது. ‘கொக்கு’ என்று நாம் சொல்வதில் மாட்டின் பின்னால் போகும் உண்ணிக்கொக்கு இருக்கிறது, கறுத்த அலகும் மஞ்சள் விரல்களுமாகச் சின்னக் கொக்கு இருக்கிறது, பெரிய கொக்கு இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே ஒன்று இருக்கிறது, மடையானும் அதில் சேர்ந்துகொள்கிறது. ‘பருந்து’ என்றால் செம்பருந்தா கரும்பருந்தா? செயலி இன்னதென்று கேட்கும். தெரிந்தால் சொல்லலாம். தூரத்தில் வெள்ளையாக ஒன்று வயலில் நிற்கிறது, கால் நிறம் தெரியவில்லை என்றால், ‘கொக்கு இனம், எதுவென்று தெரியவில்லை’ என்று பதியவும் அதில் வழி இருக்கிறது. ஆரம்பத்தில் இதைப் பயன்படுத்த வெட்கமாக இருக்கும். இருபது வருடம் பறவை பார்த்தவர்கள்தான் இதை அதிகமாகப் பயன்படுத்துகிறார்கள் என்று பிறகு கவனித்தேன்.

மெர்லினைப் பற்றிக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. அதே கார்னெல் ஆய்வகத்தின் இன்னொரு செயலி. படத்தைக் காட்டினால் பெயர் சொல்லும். 2021இலிருந்து குரலைக் கேட்டும் சொல்கிறது. போனை நீட்டிப் பிடித்தால், பாடுகிற பறவையின் பெயர் திரையில் மின்னும். முதல் தடவை பார்க்கும்போது வாய் பிளந்துதான் நிற்க வேண்டும். புதியவர்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. ஆனால் வாத்தியார் சொன்னதை அப்படியே பரீட்சையில் எழுதக் கூடாது. என் மாடியில் ஒருநாள் மெர்லின் வல்லூறு என்றது. வல்லூறு எங்கேயும் இல்லை. கம்பியில் கரிச்சான் உட்கார்ந்து வல்லூறு மாதிரிக் கத்திக்கொண்டிருந்தது. மற்றவர்களை விரட்ட அதற்கு அது ஒரு தந்திரம். இன்னொரு நாள் எதிர்வீட்டில் யாரோ காலிங்பெல் அடிக்க, அந்தக் குருவிச் சத்தத்துக்கு இந்தியாவிலேயே இல்லாத ஒரு பெயரைக் காட்டிவிடுமோ என்று பயந்தேன். நல்லவேளை, அது வாயைத் திறக்கவில்லை. மெர்லின் ஒரு பெயர் சொன்னால், சத்தம் வரும் திசையில் நடந்து பறவையைப் பாருங்கள். பார்த்தால் எழுதுங்கள். பார்க்காமலே, திரையில் வந்த பன்னிரண்டு பெயரையும் இ-பேர்டில் தட்டிவிட்டால், அந்தப் பட்டியல் உங்களுடையதல்ல, போனுடையது.

அப்படித் தப்பாக ஏதாவது போனால் யார் கவனிப்பார்கள்? இரண்டு சல்லடை இருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் மாதத்துக்கும், எந்தப் பறவை எத்தனை வரை இருக்கலாம் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் செயலியே அந்த இடத்தில் நிறுத்தி, விவரம் எழுதச் சொல்லும். அதையும் தாண்டிப் போனதை அந்தப் பகுதியின் பறவைகளை நன்கு அறிந்த தன்னார்வலர்கள் பார்க்கிறார்கள். சம்பளம் இல்லாத வேலை. எனக்கு வந்த முதல் மெயில் ஆள்காட்டியைப் பற்றியது. ‘99 ஆள்காட்டி என்று இருக்கிறது, எண்ணிக்கை சரிதானா?’ என்று பணிவாகக் கேட்டிருந்தார்கள். ஒன்பதை இரண்டு முறை தட்டியிருக்கிறேன். இரண்டாவது மெயில் கொஞ்சம் வலித்தது. சமவெளியில் பெஸ்ரா பார்த்ததாக எழுதியிருந்தேன். வல்லூறு மாதிரியே இருக்கும் காட்டுப் பறவை அது. தொண்டைக் கோடு எப்படி இருந்தது, படம் இருக்கிறதா என்று கேட்டார்கள். தொண்டையை நான் பார்க்கவே இல்லை. சாதாரண வல்லூறுதான், ஆசை என் கண்ணை மறைத்திருக்கிறது. மாற்றிவிட்டேன்.

பலருக்கு இந்த மெயில் அவமானமாகப் படுகிறது. பதிவு உங்கள் கணக்கிலிருந்து அழிந்துவிடாது. உறுதியாகும்வரை பொதுக் கணக்கில் காட்டப்படாது, அவ்வளவுதான். ‘அரிய பறவை’ என்று செயலி நிறுத்தும்போது, என்ன பார்த்தீர்கள் என்று இரண்டு வரி எழுதினால் பாதிப் பிரச்சினை தீரும். ‘தெளிவாகப் பார்த்தேன்’ என்று எழுதினால் போதாது. மைனாவைவிடச் சின்னது, வால் நீளம், கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு, தரையில் வாலை ஆட்டிக்கொண்டே நடந்தது, இப்படி.

இடத்தைக் குறிப்பதில் ஒரு எச்சரிக்கை. மாடியில் எடுக்கிற பட்டியலில் வரைபடக் குறி உங்கள் வீட்டின் மேலேயே விழும், பட்டியலை யாரும் பார்க்கலாம். தெருமுனைக்கோ அருகிலுள்ள பூங்காவுக்கோ குறியை நகர்த்திக்கொள்ளுங்கள். இடத்தின் பெயரில் ‘எங்கள் வீடு’, கதவு எண் எதுவும் வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் தனியாக நடக்கிற பெண்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பலரும் போகும் குளம், சரணாலயம் என்றால் ஏற்கெனவே பொதுக் குறி இருக்கும், அதையே தேர்ந்தெடுத்தால் எல்லோருடைய பட்டியலும் ஓரிடத்தில் சேரும். கூடு இருக்கும் மரத்தை எழுதிக் காட்டாதீர்கள். வேட்டைக்கும் வியாபாரத்துக்கும் ஆளாகும் சில இனங்களின் இடத்தைச் செயலியே மறைத்துவிடுகிறது. ஆந்தைக் கூட்டுக்குக் கேமராவோடு ஐம்பது பேரை வரவழைக்கும் படத்தை அது தடுக்காது, அது நம் பொறுப்பு.

எப்போது தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு, இன்றைக்கே என்பதுதான் பதில். கூட்டமாகச் செய்தால் உற்சாகம் என்றால் வருட ஆரம்பம் தோது. 2015இலிருந்து தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பொங்கல் விடுமுறை நாட்களில், இருக்கிற இடத்திலிருந்தே, குறைந்தது பதினைந்து நிமிடம் பார்த்துப் பதிவது. ஊருக்குப் போகிற சென்னைக்காரர்கள் எல்லாம் அந்த நாலு நாளும் சொந்த ஊர்க் கண்மாயைப் பதிகிறார்கள். பிப்ரவரி நடுவில் உலகம் முழுக்க நடக்கும் நாலு நாள் கணக்கெடுப்பில் 2013இலிருந்து இந்தியாவும் சேர்ந்திருக்கிறது. கல்லூரி வளாகங்கள் அதில் முனைப்பாக இறங்கும். எங்கள் பக்கம் ஜனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011இலிருந்து நடக்கிறது. குளத்துக்கு ஒரு குழுவாகப் பிரிந்து போவார்கள். முதல் தடவை வருகிறவர்களை அனுபவசாலியோடு சேர்த்துவிடுவார்கள் என்பதால், ஆறு மாதத்தில் கற்றுக்கொள்வதை அங்கே இரண்டு காலையில் கற்றுக்கொள்ளலாம்.

இந்தத் தரவில் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலைதான் பறவைகளுக்கு நிறையச் சாட்சி. வேடந்தாங்கலுக்குச் சீசனில் கூட்டம், சீசன் முடிந்தால் ஆளில்லை. தார்ச்சாலையை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால் வரைபடம் வெறுமையாகக் கிடக்கிறது. குயிலைப் பாருங்கள். வாரவாரியான கோட்டுப்படத்தில் கோடையில் ஏறி, பிறகு இறங்கும். குயில் அதிகமாகிக் குறைகிறது என்று அர்த்தமில்லை. கோடையில்தான் அது கூவித் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. மற்ற மாதங்களில் அது மரத்துக்குள் அமுக்கமாக இருக்கிறது. கணக்கைப் படிக்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியும். வருடங்களை ஒப்பிடும்போது கோடையைக் கோடையோடுதான் ஒப்பிடுவார்கள். ஆனால் வெறுமையாகக் கிடக்கும் இடத்துக்கு எந்தக் கணக்கும் உதவாது. உங்கள் ஊர்க் கண்மாயை வரைபடத்தில் தேடிப் பாருங்கள். ஒரு பட்டியல்கூட இல்லாமல் இருக்கலாம். அப்படியென்றால் நீங்கள் அனுப்பும் பத்துப் பறவைதான் அந்தக் கண்மாயின் முதல் ஆவணம்.

பழைய நோட்டுப் புத்தகம் வைத்திருப்பவர்கள் இன்னும் அதிர்ஷ்டசாலிகள். தேதி, இடம், பார்த்த பறவை எழுதியிருந்தால் அதையும் ஏற்றலாம். நேரமும் தூரமும் தெரியாவிட்டால் அதற்கென்று தனி வகை இருக்கிறது. 2023 அறிக்கை நீண்டகால மாற்றத்தை 2000க்கு முந்தைய நிலையோடுதான் ஒப்பிட்டது. 2000க்கு முன் யார் கையில் போன் இருந்தது? யாரோ டைரியில் ‘இன்று வயலில் பனங்காடை 4’ என்று எழுதி வைத்ததை, அவரோ அவர் பிள்ளையோ உட்கார்ந்து தட்டியிருக்கிறார்கள். அலமாரியில் அப்படி ஒன்று இருந்தால் எடைக்குப் போடாதீர்கள்.

போன ஞாயிறு நயினார்குளம் பக்கம் நின்றிருந்தேன். டீக்கடை அண்ணாச்சி ரொம்ப நாளாக என்னைக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“என்ன சார், தெனமும் போனை வச்சிக்கிட்டு மரத்தையே பாத்துட்டு நிக்கிய?”

“பறவை எழுதுறேன் அண்ணாச்சி.”

“என்ன பறவை?”

“இருக்கிறதெல்லாம்.”

“காக்காயுமா?”

“காக்காயும்தான்.”

அவர் சிரித்துக்கொண்டே கிளாஸைக் கழுவி வைத்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, எட்டிப் பார்த்துக் கேட்டார். “அப்பம் அந்த நீலக்குருவி? ரெக்கைய விரிச்சா பளபளன்னு இருக்கும்லா. முன்னாடி இந்தக் கம்பியில எப்பமும் ஒண்ணு கெடக்கும்.”

“பனங்காடை. இன்னைக்கு இல்ல அண்ணாச்சி.”

அவர் கம்பியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கரிச்சான் 2, மைனா 5. மணி 7.05. பட்டியலை முடித்து அனுப்பினேன்.